மலை நடைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி: பாலக்காட்டுச் சமவெளியில் தொடங்கி இடுக்கி மெட்டு வரை

குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. மதுரையை விட்டு மேற்கே நடந்த கண்ணகி வந்து சேர்ந்த மலை இதுதான் என்பது கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநில மக்களின் நம்பிக்கை. ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்களை உள்ளே விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப் போகும். தேனி மாவட்டத்துப் பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் நடந்தும் ஏறலாம். தூரம் ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

“ஆறு கிலோமீட்டர்தானே, தினமும் நடக்கிற தூரம்தானே” என்று கிளம்புகிறவர்கள்தான் பாதி வழியில் பாறையைத் தேடி உட்காருகிறார்கள். அவர்கள் காலில் குறை ஒன்றும் இல்லை, கணக்கில்தான் குறை. மலைக்குக் கிளம்பும்போது “எத்தனை கிலோமீட்டர்?” என்பது இரண்டாவது கேள்வி. “எத்தனை மீட்டர் ஏற்றம்?” என்பதே முதல் கேள்வி. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டு, சமதளத்தில் தொடங்கிப் படிப்படியாக நாம் சேர்ந்தே ஏறுவோம்.

யாருக்கு இந்த வழிகாட்டி?

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ இருந்துகொண்டு மலையைத் தூரத்தில் மட்டுமே பார்த்தவர்களுக்கு. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பிலேயே ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்து, ஒரு முறையாவது நடந்து ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு. மூணாறில் பிறந்து வெளியூர் வேலைக்குப் போய், கால் பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு. முன் அனுபவம் எதுவும் வேண்டாம், எட்டு வாரப் பொறுமை போதும்.

இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், மூட்டுத் தேய்மானம் இருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். பெரும்பாலும் “நடங்கள்” என்றே சொல்வார். எவ்வளவு, எப்படி என்பதில்தான் அவர் சொல் முக்கியம்.

நடக்கும்போது உடலில் என்ன நடக்கிறது?

ஒரு காலை ஊன்றுகிறோம். அந்தக் கால் விறைப்பாக நிற்க, உடல் அதன் மேல் வளைந்து ஏறி அடுத்த பக்கம் இறங்குகிறது. உச்சியில் உடல் சில சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும், வேகம் சற்றுக் குறைந்திருக்கும். இறங்கும்போது அந்த உயரம் மீண்டும் வேகமாக மாறும். ஊஞ்சலில் உயரமும் வேகமும் ஒன்றுக்கொன்று மாறுவதைப் போன்றதுதான் இது. ஊஞ்சல் மேலிருந்து தொங்குகிறது, நாம் தரையில் ஊன்றி மேலே ஆடுகிறோம், அவ்வளவே வேறுபாடு.

இத்தாலிய உடலியல் அறிஞர் ஜோவானி கவான்யாவும் அவருடன் உழைத்தவர்களும் இதை அளந்து பார்த்தார்கள். சரியான வேகத்தில் நடந்தால் இந்த மாற்றத்தின் மூலம் 60 முதல் 65 விழுக்காடு வரை இயக்க ஆற்றல் நமக்கே திரும்பக் கிடைக்கிறது. மீதியைத்தான் தசை கொடுக்க வேண்டும். மனித நடை இவ்வளவு மலிவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

தசைக்கு வேலை எங்கே வருகிறது? ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடை மாறும் நொடியில். முன்கால் தரையில் மோதும்போது கொஞ்சம் வேகம் வீணாகிறது. அதற்குச் சற்று முன்பே பின்காலின் கெண்டைத்தசை தரையை உந்திக் கொடுத்தால் அந்த இழப்பு குறைகிறது. நல்ல நடையில் இந்த உந்தல் தானாகவே நடக்கும். களைத்த நடையில் முதலில் தொலைவதும் இதுதான்.

செலவு எவ்வளவு?

சமதளத்தில், இயல்பான வேகத்தில், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை கலோரி கூடுதலாகச் செலவாகும். உணவுப் பொட்டலங்களில் அச்சிடுகிறார்களே, அதே கலோரிதான். சும்மா இருக்கும்போது உடல் எரிப்பது இதில் சேராது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 30 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றம் வந்தால் கணக்கு வேறு. உடலை மேலே தூக்கும் வேலையில் தசை தன் எரிபொருளில் கால் பங்கைத்தான் பயனாக மாற்றுகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாகப் போய்விடும். அப்படிப் பார்த்தால் 60 கிலோ உடலை 100 மீட்டர் மேலே கொண்டுபோக ஏறக்குறைய 55 கலோரி ஆகும்.

ஆக, 100 மீட்டர் ஏற்றம் சமதளத்தில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நடப்பதற்குச் சமம். எடை கூடினாலும் குறைந்தாலும் இந்த விகிதம் மாறாது. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் எந்த மலைப்பாதைக்கும் வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம்.

படி 1: நம் வேகத்தைக் கண்டுபிடிப்போம்

பாலக்காட்டுக் கணவாய் புதியவர்களுக்குக் கிடைத்த வரம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் மேடு பள்ளம் தெரியாத நிலம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஊர்ச் சாலைகள், சித்தூரின் வயல் வரப்புகள், 1766-இல் ஹைதர் அலி கட்டிய பாலக்காடு கோட்டையைச் சுற்றிய நடைபாதை என்று எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம்.

கிலோமீட்டர் கல் உள்ள ஒரு சாலையைத் தேர்ந்தெடுங்கள். அவசரப்படாமல், ஆனால் வேலையாகப் போகிறவரைப் போல ஒரு கிலோமீட்டர் நடந்து நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலோருக்கு 12 முதல் 14 நிமிடம் ஆகும். அதாவது மணிக்கு நாலரை, ஐந்து கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கான செலவு மிகக் குறைவாக இருப்பது இந்த வேகத்தில்தான்.

இதைவிட மெதுவாகப் போனால் மிச்சமாகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஆகாது. மிக மெதுவாக நடந்தால் ஊஞ்சலாட்டம் கெட்டு, தூரத்துக்கான செலவு கூடும். மிக வேகமாகப் போனாலும் கூடும். மணிக்கு ஏழு, எட்டு கிலோமீட்டரைத் தாண்டினால் நடப்பதைவிட ஓடுவதே மலிவு. ஏறக்குறைய அந்த இடத்தில்தான் கால் தானாகவே ஓட்டத்துக்கு மாறுகிறது.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம், இதே வேகத்தில் நடந்தால் போதும். கூட வருபவரிடம் இரண்டு வாக்கியம் தொடர்ந்து பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேகம் சரி. வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

படி 2: கை, கால், முதுகு

புதிதாகத் திருத்த வேண்டியது கொஞ்சம்தான். நமக்கு இயல்பாக வரும் அடி நீளம் பெரும்பாலும் நமக்கு மலிவான நீளமாகவே இருக்கும். எட்டி வைக்க முயல வேண்டாம். எட்டி வைத்தால் முன்கால் பலமாக மோதும், மூட்டும் வாங்கும், செலவும் கூடும்.

கையை வீசி நடங்கள். கையை உடலோடு ஒட்டி அசையாமல் வைத்து நடந்தால் செலவு 12 விழுக்காடு கூடுவதாக 2009-இல் அளந்திருக்கிறார்கள். கைபேசியைப் பார்த்தபடி நடக்கிறவர் இந்த நட்டத்தோடு குனிந்த கழுத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். பார்வை பத்து, பதினைந்து அடி முன்னால் இருக்கட்டும்.

தரையையும் கவனியுங்கள். கோடையில் வற்றிக் கிடக்கும் பாரதப்புழையின் மணலில் இறங்கி நூறு அடி நடந்து பாருங்கள். உலர்ந்த மணலில் நடக்க, உறுதியான தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் தேவை. ஊன்றும் கால் மணலுக்குள் புதைந்து கொடுத்த வேலை மணலோடு போய்விடுகிறது. மலையில் சருகும் சேறும் இதையே செய்யும். பாதையில் உறுதியான இடமாகப் பார்த்துக் கால் வைக்கிற பழக்கத்தை இப்போதே தொடங்கலாம்.

படி 3: காலில் எதைப் போடுவது?

எடை குறைந்ததைப் போடுவோம். 1969-இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் சூல், கோல்ட்மேன் என்ற இருவர் எடையை உடலின் வெவ்வேறு இடங்களில் கட்டி நடக்க வைத்துப் பார்த்தார்கள். பாதத்தில் கட்டிய ஒரு கிலோ, உடம்போடு சேர்ந்த ஒரு கிலோவைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு செலவை இழுத்தது. ஒவ்வோர் அடிக்கும் பாதத்தை நிறுத்தி, தூக்கி, மறுபடி வீச வேண்டியிருப்பதே காரணம்.

கனமான பூட்ஸ் பார்க்கக் கம்பீரமாக இருக்கலாம், நம் பாதைகளுக்கு அது தேவை இல்லை. அடிப்பகுதியில் நல்ல பள்ளப் பிடிப்பு உள்ள, துணி மேல்பாகம் கொண்ட லேசான ஷூ போதும். வாங்கும்போது மாலை நேரத்தில், காலுறை போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் அரை விரல் இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். புது ஷூவோடு மலைக்குப் போகாதீர்கள், குறைந்தது நாற்பது ஐம்பது கிலோமீட்டர் சமதளத்தில் பழக்குங்கள்.

படி 4: சுமை

மூன்றாவது வாரம் முதுகில் மூன்று கிலோ. தண்ணீர் பாட்டில்களே போதும். பிறகு மெல்லக் கூட்டலாம். ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். முதுகில் பத்து விழுக்காடு எடை ஏறினால் செலவும் ஏறக்குறைய பத்து விழுக்காடு ஏறும் என்பது நமக்கு எளிய கணக்கு.

பையை முதுகோடு ஒட்டி, உயரமாகக் கட்டுங்கள். கனமான பொருள் முதுகுப் பக்கமாக இருக்கட்டும். இடுப்புப் பட்டை இருந்தால் இறுக்குங்கள். கையில் பை வேண்டவே வேண்டாம், அது வீச்சையும் கெடுக்கும்.

தலைச்சுமை பற்றி ஒரு சேதி. 1986-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று கென்யாவின் லுவோ, கிக்குயு பெண்களை அளந்தது. தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்தபோதும் அவர்களுக்குக் கூடுதல் செலவு ஏற்படவில்லை. பின்னால் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் இது எல்லோரிடமும் காணப்படவில்லை. சிறு வயதிலிருந்து பழகிய உடலில்தான் இந்தத் திறன் படிகிறது போலும். இருமுடி சுமந்து சத்திரம், புல்மேடு வழியாகச் சபரிமலைக்குப் போகிறவர்களும், கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்து எஸ்டேட் பாதையில் இறங்குகிறவர்களும் கழுத்தை அசைக்காமல் இடுப்பால் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். புதியவர்களான நாம் சுமையை முதுகிலேயே வைத்துக்கொள்வோம்.

படி 5: ஏற்றம்

வட்டவடையில் வயலிலிருந்து காய்கறி மூட்டையோடு மேலேறும் ஓர் அம்மாவின் காலை மட்டும் சற்று நேரம் கவனியுங்கள். அடி சின்னது, தன் பாத நீளத்தைவிடச் சற்றுத்தான் கூடுதல். நுனிக்காலில் ஏற மாட்டார், பாதம் முழுவதும் தரையில் படியும். பின்கால் முட்டி நேரானதும் ஒரு கணம் எடையை அந்த எலும்பின் மேல் நிறுத்துவார். அந்தக் கணத்தில் தொடைத்தசைக்கு ஓய்வு. பிறகு அடுத்த அடி. வேகம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஏற்றத்துக்கு வேண்டிய பாடம் முழுவதும் அந்தக் காலில் இருக்கிறது.

நேபாளச் சுமைகாரர்களிடமும் இதே பாடம்தான். 2005-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக நாம்சே சந்தைக்குப் போகும் வழியில் அவர்களை எடை போட்டார்கள். ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சுமந்தார்கள். மெதுவாக ஏறுவது, அடிக்கடி நின்று ஓய்வெடுப்பது, இதுவே அவர்கள் முறை.

நாம் இதைப் பழக ஐந்தாவது வாரம் சரியானது. சமவெளியில் மலைக்கு எங்கே போவது? மாடிப்படி இருக்கிறது. மூன்று மாடி ஏறினால் ஏறக்குறைய பத்து மீட்டர். பத்து முறை ஏறினால் நூறு மீட்டர் கணக்கு முடிந்தது. பழனிக்குப் போகிறவர்கள் 693 படியையும் விஞ்சில் போகாமல் நடந்தே ஏறினால் நல்ல பயிற்சி. மூணாறு, மறையூர் பக்கம் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலே போதும்.

ஏற்ற வேகத்துக்கு அளவுகோல்: மணிக்கு 300 மீட்டர் உயரம். தொடக்கத்தில் இதைத் தாண்ட வேண்டாம். முதல் இருபது நிமிடம் இன்னும் மெதுவாகப் போங்கள். இதயமும் நுரையீரலும் வேலைக்குத் தயாராகச் சில நிமிடம் பிடிக்கும், அதற்குள் அவசரப்பட்டால் கால் கனத்துவிடும்.

பாதை வளைந்தால் நாமும் வளைவோம். 2002-இல் ஆல்பர்டோ மினெட்டி குழுவினர் மலை ஓட்டக்காரர்களை மிகச் சரிவான ஓடுபட்டையில் நடக்கவிட்டு அளந்தார்கள். நூறு மீட்டருக்கு 45 மீட்டர் எழும் சரிவில் செலவு சமதளத்தைப்போல் பத்து மடங்கைத் தாண்டியது. ஒரே உயரத்தை எட்ட மலிவான சரிவு 20 முதல் 30 விழுக்காடு என்று அவர்கள் கண்டார்கள். அதற்கு மேல் செங்குத்தானால் வளைந்து வளைந்து ஏறுவதே லாபம். பழைய மெட்டுப் பாதைகளும் கோவேறு கழுதைத் தடங்களும் வளைந்து போவதில் இந்த அறிவு இருக்கிறது. குறுக்கே ஏறி மிச்சம் பிடிக்க நினைப்பவர் அதற்குச் சேர்த்து மேலே மூச்சால் கட்டணம் கட்டுவார்.

படி 6: இறக்கம்

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறங்கும் சரிவே மனித நடையில் மிக மலிவானது. சமதளச் செலவில் ஏறக்குறைய பாதிதான். அதைவிடச் சரிந்தால் உடலைத் தடுத்து நிறுத்தத் தசை உழைக்க வேண்டும், செலவு மறுபடி ஏறும்.

கலோரி குறைவு என்பதால் இறக்கத்தை எளிதாக எண்ணிவிடாதீர்கள். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் இதனால் நுண்ணிய சேதம் உண்டாகும். மறுநாள், அதற்கு மறுநாள் மாடிப்படி இறங்கும்போது வலிக்கிறதே, அது இந்த வலிதான். இரண்டு மூன்று நாளில் தானே சரியாகும். ஒரு முறை அளவாக இறங்கிப் பழகினால் அடுத்த முறை மிகவும் குறையும். எனவே மாடி ஏறும் பயிற்சியில் லிஃப்டில் கீழே வராமல் நடந்தே இறங்குங்கள்.

முட்டியைப் பூட்டாமல் லேசாக மடக்கி, சின்ன அடியாக வையுங்கள். ஒரு கம்பு துணைக்கு இருந்தால் மூட்டின் பாரம் குறையும். எஸ்டேட் பக்கம் கிடைக்கும் காப்பிக்கம்பு நல்ல உறுதி. பிடித்தால் முழங்கை செங்கோணத்தில் மடங்குகிற உயரம் சரி.

ஒரு முழுக் கணக்கு போட்டுப் பார்ப்போம்

பளியன்குடி, மங்கலதேவி போன்ற ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். தூரம் 6.5 கிலோமீட்டர், ஏற்றம் 800 மீட்டர், நடப்பவர் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

தூரத்துக்கு: 6.5 × 30 = 195 கலோரி. ஏற்றத்துக்கு: 8 × 55 = 440 கலோரி. மேலே போக மொத்தம் 635. ஆறு கிலோ பை இருந்தால் பத்தில் ஒரு பங்கு கூட்டி ஏறக்குறைய 700. இறங்க நூறு, நூற்றைம்பது. ஆக, போய் வர 850 கலோரி. ஏற்றத்தின் பங்கு தூரத்தின் பங்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருப்பதைப் பாருங்கள்.

நேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் கொடுத்த விதி இன்றும் உதவும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. நம் பாதைக்கு 1 மணி 20 நிமிடமும் அதே அளவு இன்னொன்றும் சேர்ந்து 2 மணி 40 நிமிடம். இதில் ஓய்வு சேரவில்லை. புதியவர் மூன்றரை மணி என்று திட்டமிடுவது நல்லது.

சாப்பாடும் தண்ணீரும்

850 கலோரி என்பது ஏறக்குறைய கால் கிலோ அரிசி தரும் ஆற்றல். முந்தின இரவு வயிறாரச் சோறு, காலையில் கிளம்பும் முன் மட்டை அரிசிக் கஞ்சியோ நாலு இட்லியோ. வழியில் ஒரு மணிக்கு ஒரு முறை சிறிதாக ஏதாவது: நேந்திரம் பழம், கடலை மிட்டாய், பேரீச்சை. பசி எடுத்த பிறகு சாப்பிடுவதைவிட எடுக்கும் முன் கொறிப்பது நல்லது.

தசையில் முக்கால் பங்கு வெப்பமாகிறது என்று பார்த்தோம். அதை வெளியேற்றுவது வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் போகும். ஆவியாகாமல் சொட்டினால் பயனில்லை. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் மலை கடினமாக இருப்பது இதனால்தான். மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், வழிக்கு இரண்டு லிட்டர் என்று எடுத்துக்கொள்வோம். தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் போக வேண்டும். உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்ட பாலக்காட்டுச் சம்பாரம் இதற்கு நல்ல பொருத்தம். இல்லையென்றால் கஞ்சித் தண்ணீரில் உப்பு.

கைச்செலவு எவ்வளவு?

லேசான ஷூ: 1,000 முதல் 2,000 ரூபாய். இரண்டு ஜோடிக் காலுறை: 300. தொப்பியும் மழைக்கோட்டும்: 500 முதல் 800. பை வீட்டில் இருக்கும் பள்ளிப் பையே போதும், இடுப்புப் பட்டை இல்லாவிட்டால் ஒரு துணிப் பட்டை தைத்துக்கொள்ளலாம். கம்புக்குக் காசு வேண்டாம். ஒரு நாள் தீனிக்கு 150. எல்லாம் சேர்த்து மூவாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்க்குள் முடித்துவிடலாம். பணம் குறைவாக இருந்தால் ஷூவுக்கு மட்டும் செலவழியுங்கள், மற்றவை பிறகு.

வனத்துறை வழியாகப் போகும் பாதைகளுக்குக் கட்டணமும் வழிகாட்டி கூலியும் தனி. இது பாதைக்குப் பாதை மாறும், போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு வார வரிசை

1, 2 வாரம்: சமதளம், அரை மணி, வாரம் ஐந்து நாள். வேகம் மட்டும் கவனம்.

3, 4 வாரம்: முக்கால் மணி முதல் ஒரு மணி. முதுகில் மூன்று கிலோ, பிறகு ஐந்து. புது ஷூ இப்போது பழகட்டும்.

5, 6 வாரம்: வாரம் இரண்டு நாள் படி ஏற்றம். முதல் வாரம் நூறு மீட்டர், அடுத்த வாரம் இருநூறு. மற்ற மூன்று நாள் சமதளம்.

7-ஆம் வாரம்: ஒரே நாளில் எட்டு முதல் பத்து கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம், முழுப் பையோடு. இதுதான் ஒத்திகை. எங்கே உரசுகிறது, எப்போது பசிக்கிறது, எவ்வளவு தண்ணீர் தீர்கிறது எல்லாம் அன்று தெரிந்துவிடும்.

8-ஆம் வாரம்: பாதியாகக் குறைத்து இரண்டு நாள் முழு ஓய்வு. பிறகு மலை.

எச்சரிக்கை

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போக வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கி மிக வேகமாக ஏறும், நாமோ மேலேறுவதில்தான் மிக மெதுவு. பிப்ரவரி முதல் மழை வரும் வரை புல்மேட்டுப் பாதைகளில் வனத்துறை சொல்வதே இறுதி. இன்று தமிழ்நாட்டுப் பக்கம் ‘ட்ரெக் தமிழ்நாடு’ வழியாகக் குரங்கணி–சாம்பலாறு போன்ற பாதைகளுக்கு வழிகாட்டியோடு முன்பதிவு செய்யலாம். மீசப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகத்திடம் பதிவு செய்ய வேண்டும். பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்குச் சாலை வழி தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான், அங்கும் வனத்துறை வழிகாட்டியோடு மட்டுமே நடக்கலாம்.

யானைக்கு மாநில எல்லை கிடையாது. 2023-இல் சின்னக்கானலிலிருந்து பெரியாறு காட்டுக்கு மாற்றப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை ஒரு மாதத்துக்குள் மலையிறங்கிக் கம்பம் நகருக்கே வந்துவிட்டது. அதிகாலை, அந்தி நேரங்களில் தனியாக நடக்காதீர்கள். புதிய சாணமும் ஒடிந்த மூங்கிலும் கண்டால் வழிகாட்டி சொல்வதைக் கேட்டுத் திரும்புங்கள்.

பாலக்காட்டில் மார்ச், ஏப்ரல் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். அந்த மாதங்களில் பயிற்சி காலை எட்டு மணிக்குள் முடியட்டும். தலைசுற்றல், வாந்தி, வியர்வை நின்றுபோதல், பேச்சுக் குழறல் இருந்தால் நடையை உடனே நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து, மருத்துவ உதவி தேடுங்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தாலும் உடனே நடையை நிறுத்தி மருத்துவ உதவி தேடுங்கள், ஒரு நிமிடமும் தாமதம் கூடாது.

மழைக்காலத்தில் நெல்லியாம்பதியிலும் இடுக்கியிலும் அட்டை ஏறும். பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாயைத் தள்ளி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சர்க்கரை நோயாளிகள் நடை முடிந்ததும் இரு பாதங்களையும் விரல் இடுக்கு வரை பார்க்க வேண்டும், வழிக்கு இனிப்பும் கையில் வேண்டும்.

இனி என்ன?

இன்று மாலையே மூன்று வேலை செய்யுங்கள். ஒரு கிலோமீட்டர் நடந்து நேரத்தைக் குறியுங்கள். உங்கள் எடையைப் பார்த்து அதன் பாதியை எழுதுங்கள், அதுதான் ஒரு கிலோமீட்டருக்கான உங்கள் கலோரி. பிறகு நீங்கள் ஆசைப்படும் மலையைத் தேர்ந்தெடுத்து, அடிவாரத்துக்கும் உச்சிக்கும் எத்தனை மீட்டர் வித்தியாசம் என்று கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் இரண்டு கிலோமீட்டர் சேருங்கள். கூட்டிவரும் தூரத்தைச் சமதளத்தில் ஒரே நாளில் களைப்பில்லாமல் நடக்க முடிந்தால் உங்கள் உடலிடம் அந்த மலைக்கான ஆற்றல் இருக்கிறது. மிச்சம் இருப்பது ஏறி இறங்கும் தசைப் பழக்கம் மட்டுமே. அதை மாடிப்படி கொடுத்துவிடும்.